பூட்டிய வீட்டுக்குள் முதியவர்கள்: நம் செட்டிநாட்டுப் பக்கம் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

பிசியோதெரபிஸ்ட், பள்ளத்தூர்ப் பக்கம்:

பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நம் ஊர் வீடுகள்தான் தெரியுமே, முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்கட்டு அடுத்த தெருவில் முடியும், உள்ளே ஒருவர் கத்தினாலும் வாசலில் நிற்பவருக்குக் கேட்காது. பங்காளிகள் எல்லாரும் சென்னை, சிங்கப்பூர், மலேசியா. மிச்சம் இருப்பது ஒரு ஆச்சியும் அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்த குடும்பமும். அப்படி ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நான் போகும்போதெல்லாம் அந்த வேலைக்கார அம்மா நகரவே மாட்டார். ஆச்சியிடம் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும், கேட்டால் ஆச்சிக்குக் காது மந்தம் என்பார். நான் மெதுவாகப் பேசினாலே ஆச்சியின் கண் என் பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காதில் வைரத்தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி. அதைக் கூடப் பத்திரமாகக் கழற்றி வைத்திருக்கலாம் என்று விட்டுவிடலாம். ஆனால் மணிக்கட்டைச் சுற்றி ஒரே அகலத்தில் தழும்பு, கட்டில் காலில் கிழித்த புடவைத் துணி, பிரஷர் மாத்திரை அட்டை அப்படியே இருக்க, தூக்க மாத்திரை அட்டை மட்டும் காலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லலாம், எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் என்ன சொல்வது?

சுடுதண்ணீர் வேண்டும் என்று அந்த அம்மாவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, "ராத்திரி என்ன ஆச்சி சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன். "அடிக்கிறாங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பயந்து இல்லை என்றுதான் சொல்வார்கள். "படுக்கை நனையுதுன்னு சாயங்காலத்துக்கு மேல தண்ணிகூட குடுக்கிறதில்லப்பா" என்றார். வெளியே வந்து 14567-க்குப் போன் செய்தேன். மூத்த குடிமக்களுக்கான உதவி எண், காசு கிடையாது. ஆதாரம் இருக்கிறதா என்று கேட்கவில்லை, எந்த ஊர், என்ன நிலை, உயிருக்கு உடனடி ஆபத்து உண்டா என்றுதான் கேட்டார்கள். நேரில் ஆள் வந்து பார்த்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் முதலில் என்னைத்தான் திட்டினார், மாதாமாதம் இவ்வளவு பணம் அனுப்புகிறேனே என்று. பணம் போய்ச் சேர்ந்தது, சோறு போய்ச் சேரவில்லை. இப்போது ஆச்சி மகள் வீட்டில்.

எழுதுகிறவர்கள் பேர், விலாசம் போட வேண்டாம். இங்கே வீட்டு விலாசம், அதாவது பேருக்கு முன்னால் போடும் குடும்ப எழுத்து, இரண்டு சொன்னாலே யார் வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

வங்கி ஊழியர், ஓய்வு:

எங்கள் கிளைக்குப் பென்ஷன் தேதியில் ஒருவர் அண்ணன் மகனோடு வருவார். கையெழுத்து அழகாகப் போட்டுக்கொண்டிருந்த மனிதர், வாத்தியாராக இருந்தவர், திடீரென்று கைநாட்டு என்றார்கள். அப்புறம் ஏடிஎம் கார்டு வேண்டும், செல்நம்பர் மாற்ற வேண்டும், கணக்கில் அண்ணன் மகன் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று வரிசையாக வந்தது. பெரியவர் காரிலேயே உட்கார்ந்திருந்தார். கணக்குதாரரிடம் தனியாகப் பேசாமல் முடியாது என்று மேனேஜர் சொன்னதும் அந்தப் பையன் போட்ட சத்தம் இருக்கிறதே! நியாயமானவனாக இருந்தால் கூட்டிக்கொண்டுதானே வந்திருப்பான். உள்ளே வந்தவர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அடிதடி இல்லாததால் இதையெல்லாம் யாரும் கொடுமை என்று நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் பல வீடுகளில் முதலில் தொடங்குவது இதுதான்.

காரைக்குடி:

எங்கள் பெரியாத்தாவுக்குக் குழந்தை இல்லை, பிள்ளை கூட்டிக்கொண்டார்கள் (தத்து எடுத்தார்கள்). அவர் கணவர் பெரியப்பச்சி காலமானதும் வீட்டுப் பங்கையும் நிலத்தையும் அந்தப் பிள்ளை பெயருக்கே தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். பத்திரம் பதிவான பிறகு இரண்டாம் கட்டில் ஒரு ஓரத்து அறை, தனித் தட்டு, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குக்கூட முன்னால் வரவிடுவதில்லை.

பலருக்குத் தெரியாததால் எழுதுகிறேன். 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், காரைக்குடிக்காரர்களுக்கு அது தேவகோட்டை. வக்கீல் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரால் முடியாவிட்டால் அவர் அனுமதித்த வேறொருவரே மனுப் போடலாம், நான்தான் போட்டேன். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிடலாம். மேல்முறையீடு கலெக்டரிடம். பிள்ளை இல்லாதவர்கள் என்றால் அவர்களுடைய சொத்தை அனுபவிக்கிற, அல்லது பின்னால் அடையப்போகிற உறவினர் மேல் போடலாம், இது நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

எழுதிக் கொடுத்த சொத்தை ரத்து செய்ய 23-ஆம் பிரிவு. ஆனால் "என்னைக் கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனை இருந்தால்தான் இது செல்லும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. எதற்கு வம்பு, எழுதுகிறவர்கள் அந்த ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பத்திர எழுத்தர் அதெல்லாம் எதற்கு என்பார், விடாதீர்கள்.

மனுவை முடிக்கச் சட்டத்தில் 90 நாள் கெடு. எதிர்த்தரப்பு வாய்தாவுக்கு வராமல் இழுத்ததில் கெடு தாண்டிவிட்டது. நடுவில் பங்காளிகள் கூடி சமாதானம் பேசினார்கள். மாதப் பணம் வருகிறது. பத்திரத்தை ரத்து செய்யப் பெரியாத்தாவே சம்மதிக்கவில்லை, "அவன் கொள்ளி வைக்க வேணும்ல" என்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மருமகள், கோட்டையூர்:

மறுபக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். என் மாமியாருக்கு மறதி நோய், இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, லேசாகப் பிடித்துத் தூக்கினாலே கையில் கருநீலமாகக் கன்றிவிடும். சாப்பிட்டு அரைமணி கழித்துத் திண்ணையில் போய், "எனக்குச் சோறே போடலை" என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்வார். யாரோ புகார் கொடுத்து போலீஸ் வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. டாக்டர் சீட்டு, மாத்திரை, எடைக் குறிப்பு எல்லாம் எடுத்துக் காட்டினேன், போய்விட்டார்கள். புகார் கொடுத்தவர் மேல் அப்போது வந்த கோபம் இப்போது இல்லை, ஆனால் அதற்கு முன் ஒரு தடவை உள்ளே வந்து, "தூங்கினியாம்மா?" என்று என்னைக் கேட்டிருக்கலாம்.

புதுவயல்:

முதியவர்கள் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் நாற்பது வயசு, மனவளர்ச்சி குன்றிய ஒருவர், பெற்றோர் போன பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கத்து அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இப்படி நடப்பதாக நம்பும் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம், அதாவது தாசில்தார் போன்ற அதிகாரியிடம், தகவல் கொடுக்கலாம். நாங்கள் தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்தோம். அறை திறந்தது. அந்த வீட்டார் இன்றைக்கும் எங்களோடு பேசுவதில்லை.

கேள்வி, கண்டனூர்:

பிசியோ அண்ணே, போன் செய்தது நீங்கள்தான் என்று அந்த வீட்டில் தெரிந்துவிட்டதா? எனக்கும் ஒரு வீட்டில் சந்தேகம், ஆனால் ஒரே தெரு.

பிசியோதெரபிஸ்ட்:

என் பேரைச் சொல்ல வேண்டாம் என்றேன், அவர்கள் சொல்லவில்லை. வந்து போகிறவன் நான் ஒருத்தன்தான் என்பதால் ஊகித்துவிட்டார்கள். உங்கள் தெருவில் அவ்வளவு சுலபமாக ஊகிக்க முடியாது. முதலில் பலகாரம் கொடுக்கிற சாக்கில் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள், பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். 14567 காலை 8 முதல் இரவு 8 வரை, ஞாயிறும் உண்டு. ராத்திரியில் ஏதாவது என்றால் நேராக அவசர உதவி எண் 112.