பழைய தங்கப் பாக்கெட் வாட்சைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நான் பார்த்தது மினிட் ரிப்பீட்டர், கேட்கும்போது நேரத்தை நிமிடம் வரை மணியோசையால் அடித்துச் சொல்லும் வாட்ச். 18 காரட், முன்பக்கமும் மூடி உள்ள ஹண்டர் வகை. வைத்திருந்த பெரியவர் விளக்கை அணைத்துவிட்டு, ஓரத்தில் இருந்த சின்ன நெம்புகோலைத் தள்ளிவிட்டார். மணிக்கு ஒன்றாகக் கனத்த குரலில் பத்து அடி. அப்புறம் கால் மணிக்கு ஒன்றாக டிங்டாங், டிங்டாங். அப்புறம் மீதி நிமிடங்களுக்கு மெல்லிய குரலில் நான்கு. மணி 10.34. இருட்டில் நேரம் தெரிய இதைச் செய்தார்கள் என்பது படித்ததுதான், ஆனால் இருட்டில் நின்று கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்னும் மனதில் சுற்றுவது வேறொன்று: மணியோசைக்கு அடியில் 'விர்ர்' என்று மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. அது என்ன?

———

அது கவர்னர். அடிகள் கடகடவென்று ஓடிவிடாமல் வேகத்தைப் பிடித்து வைக்கும். பழைய ஆங்கர் வகை கவர்னர் இரையும். பின்னால் வந்த மையவிலக்கு வகையில் சத்தம் மிகக் குறைவு. இரைச்சல் கேட்டதென்றால் பழைய வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆரம்ப கால ரிப்பீட்டர்களில் உள்ளே குட்டி மணி வைத்துத்தான் அடித்தார்கள், அதனால் வாட்ச் தடிமனாக இருந்தது. 1783 வாக்கில் வாட்ச் தயாரிப்பாளர் பிரெகே மணியை எடுத்துவிட்டு, எஃகுக் கம்பியை வைத்தார். முதலில் அது நேராக இருந்தது, பின்னால்தான் இயந்திரத்தைச் சுற்றி வளைத்தார்கள். வாட்ச் மெலிந்தது அப்போதுதான்.

———

ஓசையைப் பற்றியே பேசுகிறீர்களே, கண்ணுக்கு அல்லவா விருந்து! தெரிந்த ரிப்பேர்காரர் ஒருவர் என் முன்னால் டயலைக் கழற்றினார். டயலுக்கு அடியில் இருக்கும் பாகங்களை வாங்கியவர் ஆயுளுக்கும் பார்க்கப் போவதில்லை. அங்கேயும் ஒவ்வொரு எஃகுத் துண்டின் விளிம்பும் சாய்வாகச் சீவி மெருகேற்றியிருந்தது. லென்ஸில் பார்த்தேன்: இரண்டு சாய்வுகள் உட்பக்கமாகச் சந்திக்கும் மூலை கத்தி முனை மாதிரி கூர்மை. சுழலும் கருவி அந்த மூலையை உருட்டிவிடும். அரத்தைப் பிடித்த கைக்குத்தான் அது வரும். திருகுகளின் நீலம் சாயமல்ல, எஃகை 300 டிகிரி அளவில் சூடாக்கி, நிறம் மாறும் அந்த நொடியில் எடுத்தது. என்னைக் கேட்டால் தங்கம் வெறும் உறைதான்.

———

"தங்கம் வெறும் உறை" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கில்லோஷே செதுக்கிய மூடி ஒன்றைப் பார்த்தேன். கையால் சுற்றும் எந்திரத்தில் தங்கத்தின் மேல் வரி வரியாக இழைத்த அலைகள். நடுவில் மட்டும் வழவழவென்று இருந்தது, ஹால்மார்க்கும் பாதி கரைந்துவிட்டது. யாரோ பளபளப்புக்காக பாலிஷ் போட்டு, போட்டு, அந்த வேலையையே துடைத்து எடுத்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வாட்ச் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஹண்டர் மூடியை 'டக்' என்று அடித்து மூட வேண்டாம். மேலே உள்ள சாவிக் குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடி, பிறகு விடுங்கள். உள்ளே இருக்கும் கொக்கி எஃகு, மூடியின் உதடு தங்கம், தேய்வது தங்கம்தான். ரிப்பீட்டர் அடித்துக்கொண்டிருக்கும்போது முள்ளைத் திருப்பவே கூடாது. ஸ்பீக்கர், போன் பக்கத்தில் வைக்காதீர்கள், ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய எஃகுச் சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் நேரம் தாறுமாறாகும். வெகுகாலம் கிடந்த வாட்சுக்கு ஆசையாகச் சாவி கொடுத்துவிடாதீர்கள். எண்ணெய் பிசினாகியிருக்கும், அதோடு ஓடினால் சக்கர அச்சுகள் தேயும். முதலில் கழற்றிச் சுத்தம் செய்யட்டும்.

———

பாலிஷ் விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் மூடி தேய்ந்தாலும் வாட்ச் ஓடும், அடிக்கும். டயலுக்கு அடியில் நான் பார்த்த அந்த மூலை மழுங்கினால் மறுபடி சீவ இன்று எத்தனை கைகள் இருக்கின்றன, சொல்லுங்கள்.