புரொஜெக்டரில் நைனாவின் கூத்து: லேப்டாப் படம் ஒடுங்கித் தெரிகிறது, என்ன செய்வது?

கலவைக்காரன்:

வணக்கம். ஊர் கலவைக்குப் பக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் நைனா முப்பது வருஷத்துக்கு மேல் தெருக்கூத்தில் கட்டை வேஷம் (கிரீடம், புஜக்கட்டை என்று மர அணிகள் பூட்டி ஆடும் வேஷம்) கட்டியவர். சுற்று வட்டாரத்தில் துரியோதனன் வேஷம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கால் போனதால் நான்கு வருஷமாக ஆடுவதில்லை. அவர் கடைசியாக ஆடிய பாரதக் கூத்தையும் மறுநாள் காலை துரியோதனன் வீழ்வதை நடிக்கும் படுகளத்தையும் சித்தப்பா மகன் செல்போனில் முழுதாக எடுத்து வைத்திருந்தான். அவரோடு ஆடிய ஜமா (கூத்துக் குழு) ஆட்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கு வெள்ளையடித்து, அதில் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன்.

இதற்காகவே வேலூரில் ஒரு டியூஷன் சென்டர் மூடும்போது பழைய புரொஜெக்டர் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 1280×800 என்று இருக்கிறது. எச்டிஎம்ஐ கிடையாது, விஜிஏ மட்டும்தான். என் லேப்டாப் 1366×768, விண்டோஸ் 10. கேபிள் புரொஜெக்டரோடு வந்தது.

போட்டுப் பார்த்தேன். சுவரில் இரண்டு பக்கமும் கருப்பாக விட்டுவிட்டு, நடுவில் படம் ஒடுங்கி நிற்கிறது. எல்லோரும் ஒல்லியாக, உயரமாக. நைனா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, நான் இவ்ளோ ஒசரமாவா இருந்தேன்? கிரீடம் கோபுரம் மாதிரி கீது" என்றார். படுகளத்தில் மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் உருவம் அந்தத் தெருவையே அடைத்துக்கொண்டு கிடக்கும். சுவரில் அது குட்டையாகிப் போய்விட்டது.

லேப்டாப்பை 1024×768க்கு மாற்றினேன். ஆள் சரியான உருவத்துக்கு வந்தார்கள், ஆனால் படத்துக்கு நான்கு பக்கமும் கருப்பு. சுவர் பெரிசு, படம் சின்னது. "தீப்பெட்டிக்குள்ள ஆடுறா மாதிரி கீது" என்றார். சிரிக்கவில்லை. எழுந்து கீழே போய்விட்டார்.

அகலத் திரைப் படம் அகலமாகவே, உருவம் கெடாமல் வர என்ன செய்ய வேண்டும்? இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

காட்பாடி டீச்சர்:

சார், ரிமோட்டில் 'ஆஸ்பெக்ட்' (படத்தின் அகல உயர விகிதம்) என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை 16:9க்கு மாற்றிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் அடிக்கடி வரும் தொல்லைதான் இது.

இன்னொன்றும் செய்யுங்கள். லேப்டாப்பில் படம் வரையும் 'பெயிண்ட்' செயலியில் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு பெரிய வட்டம் ஒன்று போட்டு, சுவரில் அதன் உயரத்தையும் அகலத்தையும் டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். கண்ணுக்குச் சரி என்று தோன்றுவதை நம்ப முடியாது. முகம் கொஞ்சம் நீண்டாலும் பத்து நிமிஷத்தில் கண் பழகிவிடும்.

புரொஜெக்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கலவைக்காரன்:

ரொம்ப நன்றி டீச்சர். முதலில் ஆஸ்பெக்ட்டைத் தொடாமல், லேப்டாப் 1366×768இல் இருக்கும்போதே அளந்தேன். உயரம் 40 செ.மீ., அகலம் 30 செ.மீ.

பிறகு 16:9க்கு மாற்றினேன். வட்டம் வட்டமாகிவிட்டது! ஆனால் படம் கலங்கலாக இருக்கிறது. நைனா முகத்தில் வரிசையாக வைத்திருக்கும் வெள்ளைப் புள்ளிகள் லேப்டாப்பில் தனித்தனியாகத் தெரிகின்றன. சுவரில் ஒன்றோடொன்று சேர்ந்து கோடு மாதிரி ஆகிவிட்டன. லென்ஸைத் திருகிப் பார்த்துவிட்டேன், ஃபோகஸ் இல்லை காரணம். அந்தப் புள்ளி வைக்க அவர் விளக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அது தெரியாமல் போட்டுக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

புரொஜெக்டரைத் தரையில் முக்காலி மேல் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, கோணலாக விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோனில் சரி செய்திருக்கிறேன்.

குடியாத்தம் மெக்கானிக்:

தம்பி, நீங்கள் அளந்த அளவிலேயே விடை இருக்கிறது. 30ஐ 40ஆல் வகுத்தால் முக்கால். 1024ஐ 1366ஆல் வகுத்தாலும் முக்கால்தான் வரும். உங்கள் புரொஜெக்டர் வருகிற 1366×768 படத்தை 1024×768 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் அப்படி நினைக்கிறது என்று சொல்கிறேன். விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த அனலாக் இணைப்பு. ஒரு கோட்டில் எத்தனை புள்ளி இருக்கிறது என்பது அந்தக் கேபிளில் வரவே வராது. கோடு எப்போது தொடங்குகிறது, படம் எப்போது தொடங்குகிறது என்ற இரண்டு துடிப்புதான் வரும். அந்த வேகத்தைப் பார்த்து, இது இன்ன ரெசல்யூஷன் (அகலத்தில் எத்தனை புள்ளி, உயரத்தில் எத்தனை கோடு) என்று புரொஜெக்டர் ஊகிக்கிறது. 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 படம் வரும்போது, 1024×768 என்றால் நொடிக்குச் சுமார் 48,360 கோடு. 1366×768 என்றால் சுமார் 47,710. இரண்டுக்கும் எவ்வளவு கிட்டம் பாருங்கள். இரண்டிலும் படம் 768 கோடு. அதோடு ஒரு கோட்டின் மொத்த நேரத்தில் படம் இருக்கும் பங்கும் இரண்டிலும் ஏறக்குறைய 76 சதவீதம்தான். அதனால் ஓரம் வெட்டுப்படாமல், முழுப் படமும் அப்படியே ஒடுங்கிப் போய் உட்கார்ந்துவிடுகிறது. 1366×768 லேப்டாப் வருவதற்கு முன்னால் செய்த புரொஜெக்டராக இருந்தால் அதன் பட்டியலில் இந்த அளவே இருக்காது.

கலங்கலுக்கும் இதுதான் காரணம். லேப்டாப் ஒரு கோட்டில் 1366 புள்ளி அனுப்புகிறது, புரொஜெக்டர் 1024 இடத்தில் மட்டும் தொட்டு எடுக்கிறது. நாலில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. 16:9 போட்டால் உருவம் விரியும், போன புள்ளி திரும்பி வராது.

சில புரொஜெக்டரில் மெனுவுக்குள் சிக்னல் பகுதியில் 'ரெசல்யூஷன்' என்று தனியாக ஒன்று இருக்கும். எப்சன் மாடல்கள் பலவற்றில் ஆட்டோ, வைடு, நார்மல் என்று மூன்று வகை இருக்கும். அதில் வைடு வைத்தால் ஊகம் சரியாகிவிடும். உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள்.

ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். புரொஜெக்டர் 1280×800. லேப்டாப்பில் ரெசல்யூஷன் பட்டியலில் 1280×800 வருகிறதா? வராவிட்டால் டிஸ்பிளே செட்டிங்கில் இரண்டாவது திரைக்கு என்ன பெயர் காட்டுகிறது என்று பாருங்கள். 'ஜெனரிக் நான் பிஎன்பி மானிட்டர்' என்று இருந்தால், புரொஜெக்டர் யார் என்றே லேப்டாப்புக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

அப்படி இருந்தால் கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பின்னை எண்ணுங்கள். விஜிஏவில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் 15 இடம். 11 முதல் 15 வரை உள்ள வரிசைதான் முக்கியம். அதில் 13, 14 நான் சொன்ன அந்த இரண்டு துடிப்புக்கு. 12, 15 இரண்டும் புரொஜெக்டர் "என் அளவு இன்னது" என்று லேப்டாப்பிடம் சொல்கிற வழி. இடிஐடி என்பார்கள், வெறும் 128 பைட் தகவல். விலை குறைந்த கேபிளில் காசை மிச்சம் பிடிக்க இந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள். 9ஆம் பின் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் கவலை இல்லை.

கலவைக்காரன்:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. பெயர் ஜெனரிக் என்றுதான் காட்டுகிறது, 1280×800 பட்டியலில் இல்லை. என் புரொஜெக்டர் மெனுவில் நீங்கள் சொன்ன வைடும் இல்லை. கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். அந்த வரிசையில் நடுவில் ஒரு பின், அதற்குப் பக்கத்தில் ஒன்று. அவ்வளவுதான். மற்ற மூன்று இடமும் வெறும் ஓட்டை. இத்தனை நாள் இதைத்தான் செருகிச் செருகி எடுத்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு வேலை முடிந்ததும் வேலூர் போகிறேன்.

குடியாத்தம் மெக்கானிக்:

கடையில் கவரைப் பிரிக்கச் சொல்லி, பின்னை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் எண்ணுங்கள். ரொம்ப நீளம் வேண்டாம், 5 மீட்டருக்குள் இருக்கட்டும். மெல்லிசான கேபிள் நீளமாகப் போனால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும்.

வந்ததும் முதலில் கேபிளைச் செருகி, புரொஜெக்டரைப் போட்டு, அப்புறம் லேப்டாப்பைப் போடுங்கள். விண்டோஸ் பொத்தானையும் பி பொத்தானையும் சேர்த்து அழுத்தி, 'டூப்ளிகேட்' வேண்டாம், 'எக்ஸ்டெண்ட்' வையுங்கள். டூப்ளிகேட்டில் இரண்டு திரைக்கும் பொதுவான ஒரு அளவைத்தான் லேப்டாப் தேடும். இங்கே ஒன்று 1366, இன்னொன்று 1280, பொதுவில் கிடைப்பது பெரும்பாலும் பழைய 1024 ஆகத்தான் இருக்கும். எக்ஸ்டெண்டில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவு. இரண்டாவது திரையை 1280×800 வைத்து, ஆஸ்பெக்ட்டை மறுபடி ஆட்டோவுக்குக் கொண்டுவாருங்கள். படத்தை அந்தத் திரைக்கு இழுத்துவிட்டு முழுத் திரையாக்குங்கள்.

மேலும் கீழும் 40 கோடு கருப்பு இருக்கத்தான் இருக்கும். 16:9 படம் 1280 அகலத்துக்கு 720 உயரம்தான், உங்கள் திரை 800. அதை நிரப்ப வேண்டும் என்று இழுக்காதீர்கள், மறுபடி ஆள் நீண்டுவிடுவார்.

இதே திரியை 1024×768 புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: உங்களுக்கு 1280×800 எல்லாம் வேண்டாம். இரண்டாவது திரையை 1024×768 வைத்தாலே போதும், வீடியோ ஓட்டும் வீஎல்சி செயலி மேலும் கீழும் கருப்பு விட்டு 1024×576இல் உருவம் கெடாமல் காட்டும்.

காட்பாடி டீச்சர்:

சார், கீஸ்டோனையும் எடுத்துவிடுங்கள். முக்காலி வேண்டாம், படம் விழும் உயரத்துக்கு ஏற்ற மேஜை போட்டு, சுவருக்கு நேராக வைத்து, கீஸ்டோனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கீஸ்டோன் போட்டால் புரொஜெக்டர் படத்தையே சுருக்கி வெட்டித்தான் நேராக்கும். மெக்கானிக் அண்ணா பாடுபட்டு மீட்டுக் கொடுத்த புள்ளியெல்லாம் அதில் மறுபடி கலங்கிப் போகும்.

ஓரம் வெட்டுப்பட்டால் ரிமோட்டில் ஆட்டோ பொத்தானை அழுத்துவீர்கள் இல்லையா? கூத்து ராத்திரியில் எடுத்தது, ஓரமெல்லாம் இருட்டு. இருட்டுப் படத்தை வைத்துக்கொண்டு ஆட்டோ அழுத்தினால், படம் எங்கே முடிகிறது என்று புரொஜெக்டருக்குத் தெரியாது, தப்பான இடத்தில் வெட்டிவிடும். முதலில் வெள்ளைப் பக்கம் ஒன்றை முழுத் திரையில் திறந்து வைத்து அழுத்துங்கள்.

நம் ஊர் வெயிலில் மாடித் தளம் ராத்திரி எட்டு மணி வரை கொதிக்கும். காற்று வடிகட்டியை முன்கூட்டியே தட்டித் துடைத்துவிடுங்கள். படம் முடிந்ததும் மின்சாரத்தைப் படக்கென்று நிறுத்தாதீர்கள், விசிறி ஓடி அடங்கட்டும்.

கலவைக்காரன்:

திங்கள் காலை, பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கேபிள் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிடைத்தது. முதல் இரண்டு கடையில் பிரித்துக் காட்ட மாட்டேன் என்றார்கள். மூன்றாவது கடைப் பையன் அவனே டார்ச் அடித்துக் காட்டினான், அந்த வரிசையில் ஐந்தும் இருந்தது. 250 ரூபாய். வீட்டுக்கு வந்து செருகியதும் ஜெனரிக் போய் புரொஜெக்டரின் பெயரே வந்துவிட்டது. 1280×800 பக்கத்தில் 'ரெகமெண்டட்' என்று வந்ததைப் பார்த்து மாடியில் தனியாக நின்று கை தட்டினேன்.

இடது ஓரம் இரண்டு விரல் அளவு வெட்டுப்பட்டது. டீச்சர் சொன்னபடி வெள்ளைப் பக்கம் வைத்து ஆட்டோ அழுத்தினேன், வந்துவிட்டது. வட்டத்தை மறுபடி அளந்தேன். உயரமும் அகலமும் 40 செ.மீ.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு ஆரம்பித்தோம். ஜமாவில் மிருதங்கம் வாசித்த பெரியவர் பாதியிலேயே மடியில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். படுகளம் வந்தபோது அந்த மண் துரியோதனன் சுவரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, தலையும் காலும் வெட்டுப்படாமல் படுத்துக் கிடந்தான். யாரும் பேசவில்லை.

நைனா நடுவில் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவர் வரை நடந்து போனார். அவர் நிழல் படத்தின் மேல் விழுந்தது. சுவரில் இருந்த தன் முகத்தில் அந்த வெள்ளைப் புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பிறகு தோளைக் காட்டி, "எடது பக்கம் புஜக்கட்டை கயிறு அவுந்து கீது பாரு. அன்னிக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தெரியவே இல்ல" என்றார்.

"கயிறு கட்டிவிட்டது நான்தான்" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, நைனா அவரைப் பார்த்துத் திரும்பினார். அப்புறம் இரண்டு பேரும் அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்கள். படத்தை நிறுத்தியபடியே வைத்திருந்தேன்.