மூன்று பிரிவுகளுக்கு ஒரே பாடம்: மூடுலில் எப்படி அமைப்பது?

கேள்வி:
வணக்கம். எங்கள் கல்லூரியில் முதலாமாண்டு பொதுத்தமிழை மூன்று பிரிவுகளுக்கு மூன்று ஆசிரியர்கள் நடத்துகிறோம். பருவத் தொடக்கத்தில் நான் மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளில் ஒரு கோர்ஸைத் தயாரித்து, அதன் பேக்கப்பை மற்ற இரு பிரிவுகளுக்கும் ரீஸ்டோர் செய்து கொடுத்தேன். ஐங்குறுநூற்றின் மருதத்திணைப் பாடல்களைப் பாடியவர் யார் என்ற வினாவுக்கு, ஓரம்போகியார் என்றிருக்க வேண்டிய விடையை அம்மூவனார் என்று தவறாகக் குறித்துவிட்டேன். என் பிரிவில் உடனே திருத்தினாலும் மற்ற இரண்டிலும் பழைய விடையே நின்றுவிட்டதால், சரியாக எழுதிய மாணவர்கள் மதிப்பெண் இழந்தார்கள். ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பிரிவிலும் திருந்தும் வழி உண்டா? ஆனால் மதிப்பெண் பட்டியல் அவரவர் பார்வைக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்பதில் மற்ற இருவரும் உறுதியாக இருக்கிறார்கள்.

பதில் 1:
ரீஸ்டோர் செய்த நிமிடத்திலிருந்து அது தனி நகல்தான். மூலத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே கோர்ஸை வைத்துக்கொண்டு, அதற்குள் மூன்று குழுக்களை உருவாக்கி, 'தனித்தனிக் குழுக்கள்' முறையைத் தேர்ந்தெடுங்கள். வினாடி வினாவின் கடைசி நாளைக் குழுவுக்குக் குழு மாற்றவும் முடியும்.

பதில் 2:
மேலே சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திருத்தும் உரிமை பெற்ற ஆசிரியர், இயல்பான அமைப்பில், எல்லாக் குழுக்களின் மதிப்பெண்களையும் பார்க்கலாம். உரிமையில்லாத ஆசிரியருக்குத் தம் குழு மட்டுமே தெரியும், ஆனால் அவரால் பாடத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மூவரும் சமநிலையில் உள்ள துறையில் இது மனக்கசப்பில்தான் முடியும் (பட்டவன் சொல்கிறேன்). ஆகவே குறிப்புகளையும் காணொளிகளையும் ஒரு பொதுக் கோர்ஸில் வைத்து, அதில் 'மெட்டா லிங்க்' சேர்க்கை முறையால் மூன்று பிரிவுக் கோர்ஸ்களையும் இணைத்துவிடுங்கள். பிரிவில் சேரும் மாணவர் பொதுக் கோர்ஸிலும் தானாகவே சேர்ந்துவிடுவார். தேர்வும் மதிப்பெண்ணும் அந்தந்தப் பிரிவிலேயே இருக்கட்டும்.

வினாக்களைப் பொறுத்தவரை, மூடுல் 5.0 முதல் வினா வங்கியைக் கோர்ஸ்களுக்கிடையே பகிரலாம். அதற்கு முந்தைய பதிப்பானால், கோர்ஸ் வகை (பல கோர்ஸ்களை அடக்கிய பிரிவு) அளவிலான வினா வங்கியைப் பயன்படுத்தும் அனுமதியை நிர்வாகியிடம் கேட்டுப் பெறுங்கள். தேர்வில் வினாவைச் சேர்க்கும்போது 'எப்போதும் அண்மைப் பதிப்பு' என்பதே தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எழுதி முடித்தவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு பிரிவிலும் மறுமதிப்பீடு கொடுத்தாக வேண்டும்; விடையைத் திருத்தியதால் மட்டும் பழைய மதிப்பெண் மாறிவிடாது.

பதில் 3:
குறுவிடை வினாக்களில் தமிழுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. 'ஔவையார்' என்ற விடையை மாணவர் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதுவார்கள். நம் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு எழுத்துகள் என்பதால் தவறென்று போட்டுவிடும். இரு வடிவங்களையும் 100% மதிப்பெண்ணுடன் விடைகளாகச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. எங்களுடையது 4.1 பதிப்பு என்பதால் அனுமதி கேட்டு நிர்வாகிக்கு எழுதியிருக்கிறேன். அது கிடைக்கும் வரை குறிப்புகளை மட்டும் பொதுக் கோர்ஸுக்கு மாற்றுகிறேன். ஓரம்போகியார் வினாவுக்கு மற்ற இரு பிரிவுகளிலும் இன்று மறுமதிப்பீடு செய்தாயிற்று. ஔவையார் வினா எங்கள் தேர்விலும் இருக்கிறது. அதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.