பாட்டி வீட்டுப் பிள்ளைகள்: வியாழன் இரவு

கீதா, 8.41: எல்லாருக்கும் வணக்கம். அம்மாவின் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. வயிற்றுக்குள் ஒரு துணி இருக்கிறதாம். பிப்ரவரி ஆபரேஷனில் விட்டது. நாளைக் காலை 9 மணிக்கு எடுக்கிறார்கள். இரவு துணைக்கு ஒருவர் வேண்டும்.

ஜூரோங் சித்தப்பா: துணியா?

தேவி: ஐயோ அத்தை 😢

சித்தி: கத்தரிக்கோல் என்று கேள்விப்பட்டேனே

கீதா: இல்லை சின்ன அத்தை. காஸ் துணி, ரத்தத்தை ஒற்றி எடுக்கும் மெல்லிய வலைத் துணி.

உட்லண்ட்ஸ் பெரியப்பா: எந்த மருத்துவமனை? பேரைப் போடு. நான் பேசுகிறேன்.

ஜூரோங் சித்தப்பா: அண்ணே, பேர் இங்கே வேண்டாம். விடிவதற்குள் தேக்கா சந்தை முழுக்கப் போய்விடும்.

ராணி அக்கா: கீதா, பயப்படாதே. ஆபரேஷன் தியேட்டரில் தாதியாக 14 வருடம் நின்றிருக்கிறேன், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். காஸ் துணி ரத்தத்தில் ஊறிவிட்டால் குடலோடு குடலாகக் கிடக்கும், கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் எண்ணுகிறோம். தொடங்கும் முன், வயிற்றை மூடும் முன், தோலைத் தைக்கும்போது. இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதுவோம். துணிக்குள் ஒரு நீல நூல் ஓடும். எக்ஸ்ரேயில் அது வெள்ளைச் சுருளாகத் தெரியும். கணக்கு உதைத்தால் மூடாமல் தேடுவோம், குப்பைப் பையைக்கூடக் கொட்டிப் பார்ப்போம்.

சித்தி: அப்புறம் எப்படி உள்ளே போனது?

ராணி அக்கா: கணக்கு சரி என்று எழுதியும் உள்ளே இருக்கும், அதுதான் கொடுமை. 2003-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. எண்ணிய பிறகும் பொருள் தங்கிவிட்ட ஆபரேஷன்களில் 100-க்கு 88-இல் கணக்கு சரி என்றே முடித்திருந்தார்கள். அவசர ஆபரேஷன் என்றால் ஆபத்து கிட்டத்தட்ட 9 மடங்கு. அத்தைக்கு நடுராத்திரியில் செய்ததுதானே.

தேவி: நியூசிலாந்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒன்றை விட்டார்களாமே, உண்மையா அக்கா?

ராணி அக்கா: உண்மை. 2020, ஆக்லாந்து, பிரசவ ஆபரேஷன். வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் வளையம். 18 மாதம் வலி வலி என்று அந்தப் பெண் அலைந்தார். எக்ஸ்ரேயில் தெரியாத பொருள், சிடி ஸ்கேனில்தான் அகப்பட்டது. எண்ணும் பட்டியலிலேயே அது அப்போது இல்லை.

சித்தி: கீதா, தீபாவளி முறுக்கு என்ன ஆகும்? 40 டப்பாவுக்குப் பணம் வாங்கிவிட்டேன்

தேவி: சித்தி!!

ஜூரோங் சித்தப்பா: நான் பிழிகிறேன்

சித்தி: போன வருடம் அச்சை உடைத்தது போதும்

ராணி அக்கா: இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எட்டு மாதமாக அத்தை வலி என்றார். ஜூனில் தம்பி கல்யாணத்துக்கு வராதபோது 'சாக்கு' என்று இதே குழுவில் வந்தது. நானும் சும்மா இருந்தேன். துணியைச் சுற்றி உடம்பே சுவர் எழுப்பிக் கட்டியாக்கிவிடும். மேலே தையல் ஆறியிருக்கும், உள்ளே வலிக்கும். அத்தை ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

உட்லண்ட்ஸ் பெரியப்பா, 9.37: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

உட்லண்ட்ஸ் பெரியப்பா, 9.44: அப்படி எழுதியது அவள் அண்ணனான நான்தான். தூங்கிவிட்டாளா?

கீதா: இல்லை மாமா. 12 மணிக்கு மேல் எதுவும் கூடாதாம். மைலோ குடிக்கிறார்.

ஜூரோங் சித்தப்பா: வக்கீல் ஒருவரைத் தெரியும்

சித்தி: முதலில் ஆள் எழுந்து வரட்டும்

ராணி அக்கா: கீதா, கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேள். துணியை எடுத்த பிறகு இன்னொரு எக்ஸ்ரே உண்டா? எடுத்ததைப் பத்திரமாக வைப்பார்களா? பிப்ரவரி ஆபரேஷன் குறிப்பின் நகலையும் எழுத்தில் கேள். சண்டையாகக் கேட்க வேண்டாம், ஆனால் விடாமல் கேள்.

கீதா: சரி அக்கா. இரவு துணை?

தேவி: எனக்கு இரவு ஷிஃப்ட். மாற்ற முடியுமா பார்க்கிறேன்

உட்லண்ட்ஸ் பெரியப்பா: நான் இருக்கிறேன்.

கீதா: பெண்கள் வார்டு மாமா, விடுவார்களா தெரியவில்லை

உட்லண்ட்ஸ் பெரியப்பா: விடாவிட்டால் கீழே உட்கார்ந்திருப்பேன். காலையில் ஏழுக்கே வருகிறேன். அவளிடம் சொல்லாதே.

கீதா: பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறார் மாமா. அங்கே ஏசி குளிராம், அண்ணனைக் குளிர்ச்சட்டை எடுத்து வரச் சொல்கிறார்.

சித்தி: கீதா, உன் பையனைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது? யாரும் சொல்லவில்லையே