என் முகத்துக்கு எந்த நிறம்? ஓவியம், எழுத்து, பாட்டு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பதினாறு வயதில் உதட்டோரம் ஒரு வெண்புள்ளி வந்தது. இருபத்தைந்துக்குள் கண்ணைச் சுற்றி, கழுத்து, இரண்டு கைகள் என்று பரவிவிட்டது. தொற்றாது, தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது என்று யார் கேட்டாலும் விளக்கிவிடுவேன். ஆனால் கண்ணாடி பார்க்க மாட்டேன். தலை வாருவதுகூடக் கைப்பழக்கத்தில்தான்.

மனச்சோர்வுக்காக ஓர் ஆலோசகரிடம் போய்க்கொண்டிருந்தேன். பேச்சு ஓர் இடத்துக்கு மேல் நகரவில்லை. அவர்தான் கலைவழி சிகிச்சை தெரிந்த ஒருவரிடம் அனுப்பினார். "எனக்கு வரைய வராது" என்றேன். "வர வேண்டாம். இங்கே யாரும் மார்க் போடப் போவதில்லை" என்றார் அந்த அம்மா. முதல் சில வாரங்கள் வெறும் கிறுக்கல்தான். பெரிய தாள், தடித்த கிரேயான், கை போன போக்கு.

ஆறாவது வாரம் முன்னால் ஒரு கண்ணாடியை வைத்தார். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

பழுப்போடு கொஞ்சம் மஞ்சளும் துளி சிவப்பும் கலந்து முகத்தைத் தீட்டினேன். புள்ளிகளுக்கு என்ன யோசனை, வெள்ளைதானே என்று டியூபில் இருந்து அப்படியே எடுத்து வைத்தேன். ஒட்டவே இல்லை, சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. திரும்பக் கண்ணாடியைப் பார்த்தேன். அது வெள்ளையே இல்லை! உதட்டோரம் ரோஜா நிறம். கண்ணுக்குக் கீழே நரம்பு ஓடும் இடத்தில் லேசான பச்சை. ஓரங்களும் கோடு போட்டதுபோல் இல்லை. மயிர்க்கால்களைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாய்ப் பழுப்பு திரும்பி வந்திருந்தது. அந்தப் பொட்டுகளை வைக்க மிக மெல்லிய தூரிகை கேட்டு வாங்கினேன்.

ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அதுவரை எப்போதாவது கண்ணாடி பார்த்தாலும் 'இன்னும் பரவியிருக்கிறதா' என்று அளக்கத்தான் பார்ப்பேன். அன்றைக்கு நிறம் தேடிப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு பார்வை என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன், ஆனால் அது துக்கம் இல்லை.

மாத்திரை இன்னும் எடுக்கிறேன், மோசமான நாட்களும் வரத்தான் செய்கின்றன. ஆனால் இப்போது கண்ணாடி பார்த்துத் தலை வாருகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

தோழி, படித்ததும் எழுதத் தோன்றியது. எனக்குக் கைகொடுத்தது எழுத்து. தம்பி இறந்தபோது நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். சாதாரணச் சண்டைதான், சரியாகிவிடும் என்று விட்டிருந்தேன். எட்டு மாதம் கழித்தும் அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் முறையை ஆலோசகர் சொன்னார். தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள். எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது, நடந்ததையும் உள்ளே இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். முதல் இரண்டு நாள் இன்னும் மோசமாகிவிட்டது, தூக்கம் போனது. விட்டுவிடலாமா என்று கேட்டேன். 1986இல் வெளியான, இந்த முறை பற்றிய பென்னிபேக்கரின் முதல் ஆய்விலும் எழுதி முடித்த கையோடு அதில் கலந்துகொண்ட மாணவர்களுக்கு மனம் கனத்துத்தான் இருந்தது, பின்வந்த மாதங்களில்தான் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது என்று விளக்கினார். சரி என்று தொடர்ந்தேன்.

மூன்றாம் நாள் பாதி வழியில் ஒன்று நடந்தது. அதுவரை 'அவன்' என்று எழுதியவன், என்னை அறியாமல் 'நீ' என்று எழுத ஆரம்பித்திருந்தேன். "நீ கூப்பிட்ட அன்று நான் போனை எடுத்திருக்க வேண்டும்." அந்த வரிக்கு அப்புறம் பேனா நிற்கவில்லை. அந்தத் தாள்களை யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

ஒன்று மட்டும். இழப்பு நடந்து சில நாட்களே ஆனவர்கள் இதை அவசரமாகச் செய்ய வேண்டாம். நான் காத்திருந்தது நல்லதாகவே போனது.

*

எனக்குச் சின்ன வயதிலிருந்து பேச்சு திக்கும். பாடும்போது திக்காது. திக்கும் பலருக்கும் அப்படித்தான், மெட்டும் தாளமும் பேச்சைத் தாங்கிக்கொள்ளும். சேர்ந்திசைக் குழு ஒன்றில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. பாடியதால் திக்கல் போய்விடவில்லை. ஆனால் என் பெயரைச் சொல்ல அரை நிமிடம் ஆனாலும் அந்தக் குழுவில் யாரும் எனக்காக முடித்து வைப்பதில்லை, காத்திருக்கிறார்கள். என் குரல் நன்றாக இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

*

நான் இந்தத் துறையில் வேலை செய்பவள். மேலே மூவரும் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

கலைவழி சிகிச்சை என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரே ஒரு நோயாளிதான். 1942இல், காசநோயிலிருந்து தேறிவந்த பிரிட்டிஷ் ஓவியர் அட்ரியன் ஹில். அவர் ஓவியர், ஆனால் இந்தச் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 2016இல் கலைவழி சிகிச்சை ஆய்வாளர் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணம், ஒட்டுப்படம் என்று இஷ்டம்போல் செய்யவிட்டு உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதில் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் என்னிடம் வருபவர்களிடம் நான் பார்ப்பதும் அதுவே.

ஒரு வேண்டுகோள். கறுப்பு அடித்தால் மனச்சோர்வு, கதவில்லாத வீடு வரைந்தால் தனிமை என்று படத்துக்கு ஜோசியம் பார்க்காதீர்கள், பார்ப்பவர்களிடம் காட்டாதீர்கள். வரைந்தவர் சொல்வதுதான் அந்தப் படத்தின் அர்த்தம். பழைய காயம் பெரிதாக இருப்பவர்கள் தனியாகத் தோண்டவும் வேண்டாம். பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கட்டும்.

*

மூவருக்கும் நன்றி. 'அவன்' 'நீ' ஆன இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன், அண்ணா. என் படத்தை அலமாரிக்குள் சுருட்டி வைத்திருந்தேன். நேற்று வெளியே எடுத்தேன். இடது கண்ணுக்குக் கீழே இருந்த பச்சை கொஞ்சம் அதிகமாகிவிட்டது, திருத்தவில்லை. அடுத்து கைகளை வரையப் போகிறேன். விரல் நுனிகளுக்கு என்ன நிறம் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.