'யூரிஹேலைன்' என்பதற்குத் தமிழ்: உவர்நெகிழ்

குழுவினர்க்கு வணக்கம்.

ஆமைத் தொட்டியில் உவர்நீர் மீன்களைச் சேர்த்து வளர்க்கலாமா என்ற கட்டுரைக்குச் சொற்கள் கேட்டிருந்தீர்கள். 'பிராக்கிஷ்', அதாவது நன்னீரைவிட உப்பு கூடியும் கடல்நீரைவிடக் குறைந்தும் உள்ள நீர், என்பதற்கு உவர்நீரே போதும். மீன்வளத் துறையில் அது ஊறிப்போன சொல். கழிநீர் என்று ஒரு நண்பர் முன்வைத்திருந்தார். நெய்தல் பாடல்களில் கழி அருமையான சொல்தான். ஆனால் இன்று கழிநீர் என்றால் சாக்கடைதான் நினைவுக்கு வரும். உப்புத் தண்ணீர் என்றும் எழுத வேண்டாம். சென்னையில் போர் தண்ணீரை அப்படித்தான் சொல்கிறோம். அதில் பெரும்பாலும் தொல்லை கொடுப்பது கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மை. அதை நம்பி உவர்நீர் மீனை விட்டால் மீன்தான் பாடுபடும்.

உண்மையில் சொல் தேவைப்படுவது நீருக்கு இல்லை, அதில் வாழும் உயிருக்கு. பழவேற்காடு ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஆற்று நீர் வந்து உப்பு வெகுவாகக் குறைகிறது. கடுங்கோடையில் சில இடங்களில் கடலையும் மிஞ்சிவிடுகிறது. மடவையும் செத்தக்கெண்டையும் இந்த மாற்றத்தோடுதான் அங்கே வாழ்கின்றன. இப்படி உப்பு கூடினாலும் குறைந்தாலும் வாழ முடிகிற உயிர்களைத்தான் ஆங்கிலத்தில் யூரிஹேலைன் என்கிறார்கள். இதற்கு நான் பரிந்துரைப்பது 'உவர்நெகிழ்'. உவர்நெகிழ் மீன், உவர்நெகிழ் இறால், பண்புக்கு உவர்நெகிழ்வு. எதிர்ச்சொல்லான ஸ்டீனோஹேலைனுக்கு 'உவர்நெகிழா'. தங்கமீன் உவர்நெகிழா நன்னீர் மீன்; பவளப்பாறை மீன்களில் பல உவர்நெகிழா கடல்மீன்கள். 'உவர்நெகிழி' என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். நெகிழி பிளாஸ்டிக்குக்கு நிலைத்துவிட்டது.

மறுமொழி:

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் வறட்சி தாங்கும் பயிர் என்பதுபோல 'உவர்தாங்கி' என்றால் படிப்பவருக்கு உடனே புரியுமே? இன்னொன்று, சிவப்புக் காது ஆமையை லேசான உப்பு நீரில் விட்டாலும் சில நாள் நன்றாகத்தான் நீந்துகிறது. அதையும் உவர்நெகிழ் என்று சொல்லலாமா?

மறுமொழி:

அம்மா, இரண்டும் நல்ல கேள்விகள்.

தாங்கி என்றால் உப்பு ஏறும் பக்கம் மட்டும்தான் தெரிகிறது. கொடுவா மீனைப் பாருங்கள். கடலோரத்தில் பிறந்து, குஞ்சுப் பருவத்தில் ஆற்றுக்குள் ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடி கீழே இறங்குகிறது. ஆற்றில் அது உப்பைத் தாங்கவில்லை, உப்பில்லாமையைச் சமாளிக்கிறது. நன்னீரில் மீனின் உடலுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும். அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றி, உப்பைச் செவுள் வழியே உள்ளே இழுக்க வேண்டும். கடலில் எல்லாம் தலைகீழ்: தண்ணீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ள வேண்டும். செவுளின் வேலையையே திருப்பிப் போட முடிகிற மீன்தான் உவர்நெகிழ் மீன். இந்தத் திருப்பம் 'நெகிழ்' என்பதில் இருக்கிறது, 'தாங்கி'யில் இல்லை.

ஆமைக்கு வருவோம். சில நாள் நீந்துவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. சிவப்புக் காது ஆமைக்கு உப்பை வெளியேற்றும் சுரப்பி கிடையாது. ஊர்வனவற்றின் சிறுநீரகத்தால் இரத்தத்தைவிட உப்பான சிறுநீரைப் பிரிக்கவும் முடியாது. உப்பு உடலில் சேர்ந்துகொண்டே போகும், ஆமை தண்ணீருக்குள்ளேயே வறளும். ஆகவே அது நன்னீர் ஆமை, அவ்வளவுதான். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைச் சதுப்புகளில் வாழும் வைரமுதுகு ஆமை வேறு வகை. கண்ணருகே உள்ள சுரப்பி வழியாக உப்பை வெளியேற்றும். மழை பெய்தால் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலத்தைக் குடித்துக்கொள்ளும். அதை உவர்நெகிழ் ஆமை என்று தயங்காமல் எழுதுங்கள்.

கட்டுரையில் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். கடைகளில் பச்சைப்புள்ளிப் பேத்தையை (பஃபர் மீன்) நன்னீர் மீன் என்று விற்கிறார்கள். வளர வளர அதற்கு உவர்நீர் வேண்டும், ஆமைக்கோ நன்னீர் வேண்டும். நடுவில் ஒரு அளவு வைத்தால் இரண்டும் நலிந்துபோகும். போதாததற்குப் பேத்தை ஆமையின் விரல்களைக் கொறிக்கும். ஆமை பேத்தையைத் தின்றால் நஞ்சாகவும் முடியலாம். இரண்டு தொட்டி வைப்பதுதான் வழி என்று நேராகவே எழுதிவிடுங்கள்.

மறுமொழி:

சரி ஐயா, உவர்நெகிழ், உவர்நெகிழா இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். அப்புறம், 'ஸ்பெசிஃபிக் கிராவிட்டி'க்கு என்ன போடுவது? உவர்நீர்த் தொட்டிக்கு 1.005 முதல் 1.015 வரை என்று எழுத வேண்டியிருக்கிறது.

மறுமொழி:

தூய நீரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு அது; பள்ளிப் பாடநூலில் உள்ள 'ஒப்படர்த்தி'யே போதும் அம்மா. கடல்நீருக்கு ஏறத்தாழ 1.025 என்பதையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.