ஒரு கோப்பை முருங்கையிலை: பச்சையா, வறையா?

கிணற்றடி: போன கிழமை வல்லைக்காற்று தம்பி எழுதினதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. உணவு வினாக்கொத்தை நிரப்பினால் ஒருவர் எடுக்கிற அன்ரிஒக்சிடன்ற், அதுதான் விற்றமின் சி, கரோட்டீன் மாதிரிச் சத்துகள், எவ்வளவு என்று அளந்துவிடலாமாம். எங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை அந்தத் தாளோடு வந்தது. கடந்த ஒரு வருடத்தில் முருங்கையிலை எத்தனை தரம், தரத்துக்கு எத்தனை கோப்பை? ஒரு சுளகு நிறைய உருவிப்போட்டாலும் தாச்சியில் இரண்டு பிடிதான் மிஞ்சும். கோப்பை என்றது பச்சை இலையா, வறையா? பிள்ளை பேனையைக் கடித்துக்கொண்டு நின்றது.

வல்லைக்காற்று: அண்ணை, அது ஆட்களைக் கூடக் குறைய என்று வரிசைப்படுத்தத்தான். எல்லாரும் ஒரே மாதிரிப் பிழைவிட்டால் வரிசை மாறாது.

கிணற்றடி: ஒரே மாதிரியோ! எங்கள் வறையில் பாதி தேங்காய்ப்பூ, பக்கத்து வீட்டில் தேங்காயைத் தேடத்தான் வேணும், ஆனால் இரண்டு பேரும் ஒரு கோப்பை என்றுதான் எழுதுவோம். பச்சையா, வறையா? அதைச் சொல்லும்.

சுன்னாகத்து மாமி: பாதி தேங்காய்ப்பூ போட்டால் அதுக்குப் பெயர் வறை இல்லை.

மருதடியான்: கீரையை விடுங்கோ. நாளுக்கு நாலு தரம் குடிக்கிற தேத்தண்ணியில் பொலிபீனோல் என்கிற அன்ரிஒக்சிடன்ற் எவ்வளவு இருக்குது! ஆனால் எந்த இலக்கத்தால் பெருக்குவது? உணவுகளின் அன்ரிஒக்சிடன்ற் வலுவை இலக்கமாகப் போட்ட தன் ஓராக் பட்டியலை அமெரிக்க விவசாயத் திணைக்களமே 2012இல் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் வருகிற இலக்கம் உடம்புக்குப் பொருந்தாது என்று.

வல்லைக்காற்று: ஓராக்கை ஆர் கேட்டது? விற்றமின் சி, கரோட்டீனுக்கு வேறு அட்டவணை இருக்குது. இரத்தத்தில் கரோட்டீன் பார்த்து வினாக்கொத்தைச் சரிபார்க்கிறார்கள். கொஞ்சம் வாசித்துவிட்டு வரலாமே.

கிணற்றடி: வாசிச்சதால்தான் கேட்கிறேன். புகைபிடிக்கிறவருக்கு அதே சாப்பாட்டுக்கும் இரத்தத்தில் கரோட்டீன் குறைவாகத்தான் இருக்கும். அப்போ பிழை தாளிலா, ஆளிலா? விற்றமின் சி அவிக்கிறபோதே பாதிக்கு மேல் போகலாம், அதனால்தான் முதலிலிருந்தே கேட்கிறேன், பச்சையா, வறையா?

வல்லைக்காற்று: போன வருசம் கறுத்தக்கொழும்பான் மாம்பழ விவாதத்திலும் இப்படித்தான், ஒரே கேள்வியைப் பதினேழு தரம்.

கிணற்றடி: அதுக்கும் உம்மிடம் பதில் இருக்கவில்லை. கொழும்பில் கடையில் கட்டிய கீரை வாங்குகிறவருக்குச் சுளகுக் கணக்கு விளங்காது.

வல்லைக்காற்று: நான் கொழும்பிலா? பிறந்ததும் இருக்கிறதும் பருத்தித்துறையில். உங்கள் வீட்டு முருங்கை மதிலுக்கு அந்தப்பக்கம் நிற்கிறதென்று போன மாரியில் நீங்களே எழுதினீர்கள்.

மருதடியான்: தேத்தண்ணியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

சுன்னாகத்து மாமி: அது கிடக்கட்டும். பாதி தேங்காய்ப்பூ போடுகிற அந்த வீட்டில் ஆர் சமையல்?

கிணற்றடி: நான்தான் மாமி. அதுக்கென்ன? தம்பி, இன்னும் சொல்லவில்லை. பச்சையா, வறையா?